ஸ்டேஷனில் சால்வை போட்டால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: எங்கள் ஊரில் ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன் பஸ் ஸ்டாண்டில் கிடந்த கைப்பையை ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தான். இன்ஸ்பெக்டர் சால்வை போட்டு, சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து எல்லா இடத்திலும் போட்டுவிட்டார். இது போலீஸ் தனக்குத் தானே செய்துகொள்ளும் விளம்பரம்தானே? பிள்ளைக்கு இதில் என்ன பயன்? நாளைக்கு என் மகள் கையில் இப்படி ஏதாவது கிடைத்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

விளம்பரம்தான், அதை மறைத்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் விளம்பரம் என்பதற்காகப் பிள்ளைக்குப் பயனே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. மாவட்ட நிருபராக க்ரைமும் கோர்ட்டும் பார்த்தவன் நான். இந்தச் சால்வை நிகழ்ச்சிகள் நிறையவே பார்த்தாகிவிட்டது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பையன் பையைக் கொண்டுவந்து கொடுக்கிறான். ஸ்டேஷன் ரைட்டர் இன்ஸ்பெக்டருக்குச் சொல்வார், இன்ஸ்பெக்டர் டி.எஸ்.பி.க்குச் சொல்வார், தொகை பெரிதாக இருந்தாலோ பையன் ரொம்பச் சின்னவனாக இருந்தாலோ விஷயம் எஸ்.பி. வரைக்கும் போகும். "நாளைக்குக் காலையில பையனை வரச் சொல்லுங்க" என்று அங்கிருந்து வார்த்தை வந்ததும் அன்று ராத்திரியே நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவில் தகவல் விழுந்துவிடும். சால்வை வாங்கி வரும் வேலை ஸ்டேஷனிலேயே வயதில் சின்ன கான்ஸ்டபிள் தலையில் விழும். போலீஸ் பெயர் கெட்டுக் கிடக்கிற வாரத்தில் இப்படி ஒரு பையன் கிடைத்தால் அவனுக்குக் கூடுதல் மரியாதை நடக்கும், இது எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

ஒரு தடவை நடந்தது. பர்ஸை முந்தின நாளே உரியவரிடம் கொடுத்து அனுப்பியாகிவிட்டது. போட்டோவுக்காக அவரை மறுபடி வரவழைத்து, பர்ஸை அவரிடமிருந்து வாங்கி, பையன் கையில் திணித்து, "அப்படியே சாருக்குக் குடுக்கிற மாதிரி நில்லுப்பா" என்றார்கள். அவனுக்கு ஒரு பக்கம் அதிகாரி, இன்னொரு பக்கம் பர்ஸுக்கு உரியவர். பையன் பர்ஸைப் பிடித்தபடி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு "இப்ப யாருக்கு சார் குடுக்கணும்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தோம். அவன் அம்மா மட்டும் வாசல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார், உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சான்றிதழில் பையனின் இனிஷியல் தப்பாக விழுந்திருந்தது, அதைப் பேனாவால் திருத்திக் கொடுத்தார்கள். மறுநாள் பேப்பரில் படம் நன்றாகவே வந்தது.

இப்படிப்பட்ட நிகழ்ச்சியில் பையன் கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டால் என்னால் பெரிதாகச் சொல்ல முடியாது. ஆனால் அதே பையன் அதற்கு முந்தின நாள் தனியாகவோ நண்பனோடோ ஸ்டேஷன் படியேறினான் பாருங்கள், அது வேறு விஷயம். சோறு ஊட்டும்போதே "சாப்பிடலைன்னா போலீஸ்காரன்கிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்" என்று சொல்லி வளர்க்கிற ஊர் நம்முடையது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகிச் செத்த பிறகு அந்தப் பயத்தை வெறும் பூச்சாண்டி என்று யாரும் சொல்லிவிட முடியாது. அப்படியிருக்க, பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளை தானாக ஸ்டேஷனுக்குள் போய், அங்கே ஒரு நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டு, அவன் சொன்னதை ஒரு பெரியவர் காது கொடுத்துக் கேட்டு எழுதிக்கொண்டு, கையில் ஒரு ரசீதும் கொடுத்து அனுப்பினால், அந்தப் பிள்ளைக்கும் காவல் துறைக்கும் நடுவில் ஏதோ ஒன்று மாறுகிறது. நாளைக்கு வீட்டில் அடி விழுந்தாலோ, பஸ்ஸில் எவனாவது தொந்தரவு செய்தாலோ அந்தப் படியை மறுபடி ஏற அவனுக்கோ அவளுக்கோ கால் வரும். சால்வையில் எனக்குத் தெரிகிற ஒரே உருப்படியான பயன் இதுதான், அதுவும் சால்வைக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

அதனால்தான் ஒரு ஸ்டேஷன் இதைச் சரியாகச் செய்கிறதா என்று பார்க்க நான் போட்டோவைப் பார்ப்பதில்லை, ரசீதைக் கேட்பேன். பணம் என்றால் பிள்ளையின் முன்னாலேயே எண்ண வேண்டும். 500 எத்தனை, 200 எத்தனை, நகை இருந்தால் என்ன நகை, எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் கிடைத்தது, எல்லாம் ஸ்டேஷனின் தினசரிப் பதிவேடான பொது நாட்குறிப்பில் ஏற வேண்டும். எழுதியதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். எனப்படும் புகார்ப் பதிவேட்டு ரசீதோ முத்திரை போட்ட ஒப்புகைச் சீட்டோ கொடுக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? "சரி தம்பி, வெச்சுட்டுப் போ, நாங்க பாத்துக்கறோம்." இந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் போச்சு. பிற்பாடு உரியவர் வந்து "உள்ளே 12,000 இருந்ததே, 9,000தானே இருக்கு" என்று சொன்னால் பழி யார் மேல் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டத்தில் இதற்கு என்ன இடம் என்று பலருக்குத் தெரிவதில்லை. கீழே கிடந்ததை எடுப்பது மட்டும் குற்றமாகாது. உரியவர் யார் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ள வழி இருந்தோ, அல்லது நியாயமான அளவுக்குத் தேடாமலோ அதை எடுத்துத் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டால்தான் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 403, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 314ஆவது பிரிவு. போலீஸ் வசம் வந்த பொருளுக்கு உரியவர் தெரியவில்லை என்றால் விஷயம் மாஜிஸ்திரேட்டுக்குப் போகும், அறிவிப்பு வரும், ஆறு மாதத்துக்குள் யாரும் உரிமை கோரி வரவில்லை என்றால் அது அரசுக்குப் போய்ச் சேரும், கண்டெடுத்த பிள்ளைக்கு வராது. உரியவர் "கண்டுபிடித்துத் தருபவருக்கு இவ்வளவு பரிசு" என்று முன்கூட்டியே அறிவித்திருந்தால் மட்டும், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 168ஆவது பிரிவுப்படி அந்தப் பரிசைக் கேட்டு வழக்குகூடப் போடலாம். யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

ஜப்பானில் கதையே வேறு. தெருமுனைக்குத் தெருமுனை கோபான் என்று ஒரு சின்னப் போலீஸ் பெட்டி இருக்கும். பிள்ளைகள் தெருவில் கிடந்த பத்து யென் நாணயத்தைக்கூட அங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள், காவலர் தாள் எடுத்து முறைப்படி எழுதிக்கொள்வார். உரியவர் வந்தால் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை கண்டெடுத்தவருக்குத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, மூன்று மாதம் வரை யாரும் வரவில்லை என்றால் பொருள் கண்டெடுத்தவருக்கே. டோக்கியோவில் மட்டும் வருஷத்துக்கு 300 கோடி யென்னுக்கு மேல் ரொக்கம் இப்படி வந்து சேர்கிறது. அங்கே எந்த இன்ஸ்பெக்டரும் சால்வையைத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. எழுதி வாங்கிக்கொள்வதுதான் மரியாதை என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த முறைதான் பிடித்திருக்கிறது.

நம் ஊர் உதாரணத்துக்கு வருவோம். 2018இல் ஈரோட்டில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கிடந்த 50,000 ரூபாயை ஆசிரியையிடம் கொடுக்க, அது எஸ்.பி. அலுவலகம் வரை போய் தமிழ்நாடே பேசியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரஜினிகாந்த் குடும்பத்தையே வீட்டுக்கு அழைத்துப் பேசிப் படிப்புச் செலவை ஏற்பதாகச் சொன்னார், பிறகு பாடப்புத்தகத்திலும் அந்தச் சம்பவம் ஏறியது. இதில் எனக்குப் பிடித்தது, அந்த வயதில் அவன் செய்தது. யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்து, நேரே ஆசிரியையிடம் போனான். பிடிக்காதது, இந்த மாதிரிச் செய்தி எது வந்தாலும் நாங்கள் போடுகிற தலைப்பு. "வறுமையிலும் நேர்மை." நானும் அந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன், இதைவிட ஏழைகளை மட்டமாகப் பேசுகிற தலைப்பு கிடையாது. பணக்கார வீட்டுப் பையன் பர்ஸைத் திருப்பிக் கொடுத்தால் "வசதியிலும் நேர்மை" என்றா போடுகிறோம்? கூலித் தொழிலாளியின் மகன் என்றால் திருடத்தான் தோன்றியிருக்க வேண்டும், ஆச்சரியமாகத் திருடவில்லை என்கிற நினைப்பு அந்தத் தலைப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. பையன் வளர்ந்த பிறகு அதைப் படித்தால் எப்படி இருக்கும்?

அந்த நினைப்புக்கு ஆதாரமும் இல்லை. 2019இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000க்கும் அதிகமான பர்ஸ்கள். ஆய்வுக்காரர்களே வங்கி, ஓட்டல், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் என்று வரவேற்பு மேசைகளில் "இது கீழே கிடந்தது" என்று கொடுத்துவிட்டு, யார் உரியவரைத் தொடர்பு கொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். பணம் இல்லாத பர்ஸ் 40 சதவீதம் திரும்பி வந்தது, பணம் இருந்த பர்ஸ் 51 சதவீதம். தொகை கூடினால் சபலமும் கூடும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். தன்னைத் தானே திருடன் என்று நினைத்துக்கொள்ள மனுஷனுக்குப் பிடிப்பதில்லை, தொகை கூடக்கூட அந்த உறுத்தலும் கூடுகிறது என்று ஆய்வுக்காரர்கள் விளக்கினார்கள். பிள்ளைகளும் அப்படித்தான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது கொஞ்சம் சிக்கலான பக்கம். பர்ஸைக் கொடுப்பது ஒரு ரகம், திருடனைப் பிடித்துக் கொடுப்பது இன்னொரு ரகம். அதே 2018இல் சென்னை அண்ணா நகரில் பெண் டாக்டர் ஒருவரின் நகையைப் பறித்துக்கொண்டு ஓடியவனை 17 வயதுப் பையன் ஒருவன் விரட்டிப் பிடித்தான். அப்போதைய கமிஷனர் ஏ.கே.விஸ்வநாதன் அவனை நேரில் கூப்பிட்டுப் பாராட்டினார், பையன் தனக்கு ஒரு வேலை வேண்டும் என்று கேட்க, அதற்கும் ஏற்பாடு செய்தார். சால்வையோடு விடாமல் "உனக்கு என்னப்பா வேணும்" என்ற கேள்வி வரைக்கும் போனது அபூர்வம், அதற்காக அந்த அதிகாரியை மனதாரப் பாராட்டலாம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், 17 வயது என்றால் சட்டத்தின் கண்ணில் குழந்தை. பிடிபட்டவன் மேல் நடக்கும் வழக்கில் இந்தப் பையன்தான் முக்கியமான சாட்சி. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, குற்றத்துக்குச் சாட்சியாக இருக்கிற குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதுவும் எந்த ஊடகத்திலும் வரக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். பாலியல் வழக்குக்குத்தான் இந்தச் சட்டம் என்று பத்திரிகைக்காரர்களும் போலீஸ்காரர்களும் சேர்ந்தே நினைத்துக்கொண்டிருக்கிறோம். செயின் பறித்தவனைப் பிடித்துக் கொடுத்த பிள்ளைக்கும் அது பொருந்தும் என்று எத்தனை பிரஸ் மீட்டில் யாருக்குத் தோன்றியிருக்கிறது? பெயர், ஊர், தெரு, எந்தப் பள்ளி, அப்பா என்ன வேலை, எல்லாவற்றையும் நாங்களே அச்சிட்டுக் கொடுக்கிறோம். பறித்தவன் ஜாமீனில் வெளியே வரும்போது அவன் தேட வேண்டியதே இல்லை. இந்த மாதிரி விஷயத்தில் பாராட்ட வேண்டும் என்றால் வீட்டுக்குச் சாதாரண உடையில் போய்ப் பாராட்டலாம், வழக்கு முடிகிற வரை கேமராவை உள்ளேயே வைத்திருக்கலாம். அதோடு, கத்தி வைத்திருப்பவனை விரட்டுவதை ஊரே கைதட்டிக் கொண்டாடினால் அடுத்த பையன் என்ன செய்வான் என்பதையும் அந்த மேடையில் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு 100க்கோ 112க்கோ போன் போட்ட பெண் பிள்ளைக்கும் அதே சால்வை கிடைத்தால் நன்றாக இருக்கும். ஓடிப் பிடித்தவன் படம்தான் பேப்பருக்கு வேண்டும், போன் போட்டவள் படம் வேண்டாம். அந்தத் தப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு.

பரிசு கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகுமா என்று சிலர் கேட்பார்கள். 1973இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஒரு பரிசோதனை நடந்தது. வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகளில் ஒரு குழுவிடம் "நீ வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமே இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், முன்பே சொல்லி வைக்கப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆகவே பர்ஸைக் கொடுத்த பிள்ளைக்கு எதிர்பாராமல் ஒரு புத்தகம் கிடைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. "இந்த மாதம் நற்செயல் செய்யும் மாணவருக்கு ஸ்டேஷனில் பரிசு" என்று பள்ளியில் அறிவிப்புப் பலகை வைத்தால்தான் வினை. பத்து ரூபாயைத் தானே போட்டுத் தானே எடுத்துக்கொண்டு ஓடி வரும் பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருக்கும், பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

கனடாவில் ரிச்மண்ட் என்ற ஊரில் போலீஸ் இதை வேறு விதமாகச் செய்தது. ரோந்து போகும் காவலர் கையில் அபராதச் சீட்டு மாதிரியே ஒரு சீட்டு இருக்கும். ஹெல்மெட் போட்டு சைக்கிள் ஓட்டுகிற பையன், குப்பையைப் பொறுக்கித் தொட்டியில் போடுகிற பெண், இப்படிக் கண்ணில் பட்டால் கிழித்துக் கொடுத்துவிடுவார். அதைக் காட்டினால் சினிமாவோ தின்பண்டமோ இலவசம். அமெரிக்காவில் செவன் லெவன் கடைகள் 1995இலிருந்து போலீஸ் மூலமாகக் குளிர்பானக் கூப்பன் கொடுத்துவருகின்றன. கடைக்கு விளம்பரம், போலீஸுக்கு நல்ல பெயர், பிள்ளைக்குச் சர்க்கரை. ஆனால் ரோந்து வண்டி பக்கத்தில் வந்து நின்றாலே நெஞ்சு படபடக்கக் காரணம் உள்ள தெருக்கள் அங்கே நிறைய, நல்ல சீட்டு கொடுக்கத்தான் நிறுத்தினார் என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் அந்த முறையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. பெரிய மேடை இல்லை, சின்னச் செயலுக்குச் சின்னப் பரிசு, நின்ற இடத்திலேயே முடிந்துவிடுகிறது. நம் ஊரில் ஒரு பரோட்டா கடையைச் சேர்த்துக்கொண்டு இதை ஆரம்பித்தால் நானே முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

உண்மையில் போலீஸ் பாராட்ட வேண்டிய இடம் ரோடுதான். பைக்கில் போகிற கல்லூரிப் பையன்கள்தான் விபத்து நடந்த இடத்தில் முதலில் நிற்கிறார்கள். தூக்கிக்கொண்டு போனால் போலீஸ் விசாரணை, கோர்ட் வாசல் என்று பயந்து ஒதுங்கிப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்த பிறகு, உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை அரசே செலவு செய்கிறது, ஆகவே "பணம் யார் கட்டுவது" என்ற பயமும் வேண்டாம். பொன்னான அந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து உயிரைக் காப்பாற்றியவருக்கு மத்திய அரசு தரும் தொகை 2021இல் 5,000 ரூபாயாக இருந்தது, 2025இல் 25,000 ஆக்கியிருக்கிறார்கள். இதற்கு ஸ்டேஷன் கொடுக்கும் ஒப்புகைக் கடிதம் வேண்டும், அது மாவட்டக் குழுவுக்குப் போக வேண்டும். இந்தக் கடிதத்தைத் தானாக எழுதிக் கொடுக்கிற இன்ஸ்பெக்டரை, பத்து சால்வை போடுகிறவரைவிட நான் மதிப்பேன்.

பெரிய விருதுகள் தனி. 5 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பால புரஸ்கார், தமிழ்நாட்டில் குடியரசு நாளில் கொடுக்கும் அண்ணா பதக்கம், உயிர் காத்தவர்களுக்கு ஜீவன் ரக்ஷா பதக்கம். ஸ்டேஷன் சான்றிதழுக்கு மதிப்பெண்ணோ இட ஒதுக்கீடோ கிடையாது, ஆனால் இவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது இணைக்க உதவும், அதனால் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஏதாவது கிடைத்தால் ஆசிரியரிடமோ உங்களிடமோ சொல்லச் சொல்லுங்கள், தனியாகத் திறந்து பார்க்க வேண்டாம். உள்ளே ஆதாரோ போன் நம்பரோ இருந்தால்கூட நேரே போய்க் கொடுப்பதைவிட ஸ்டேஷன் வழியாகக் கொடுப்பது பிற்பாடு வம்பில்லாத வழி. நீங்கள் கூடவே போங்கள், ஆனால் பேச்சை அவளே பேசட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். எண்ணிப் பார்த்து எழுதச் சொல்லுங்கள், ரசீது வாங்காமல் எழுந்திருக்க வேண்டாம், அதை வாங்கியதும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்கலாமா என்று கேட்டால் முதலில் மகளைப் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள், வேண்டாம் என்று அவள் சொன்னால் அதோடு சரி, "சார் ஆசைப்படுறாரு" என்று நீங்கள் வற்புறுத்தாதீர்கள். எடுக்கிறார்கள் என்றால் பள்ளிப் பெயரும் தெருப் பெயரும் வராமல் போடச் சொல்லலாம், நல்ல இன்ஸ்பெக்டர் தட்டமாட்டார். அவள் பார்த்தது அல்லது பிடிக்க உதவியது குற்றச் சம்பவம் என்றால் போட்டோவுக்கு ஒப்புக்கொள்ளவே வேண்டாம், 74ஆவது பிரிவைச் சொல்லியே மறுத்துவிடலாம், அப்படியும் யாராவது படத்தைப் போட்டுவிட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள்.